சோணையின் வலக்கையும் புது ஸ்டியரிங்கும்

சோழவந்தானில் சோணையை அறியாத வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் கிடையாது. விடிவதற்கு முன்பே வெற்றிலைக் கட்டுகளைப் பழைய டீசல் வேனில் ஏற்றி, வாடாமல் மதுரை மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவது அவருடைய வேலை. இருபது வருடங்களுக்கு மேல் அதே வேன், அதே ரோடு.

அந்த வேனுக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமென்றால் சீட்டை விட்டுப் பாதி எழுந்து, இரண்டு கையாலும் தொங்க வேண்டும். போதாக்குறைக்கு, ஒரு மழைநாளில் வாடிப்பட்டிப் பக்கம் பாலத்துச் சுவரில் இடித்ததிலிருந்து முன்பக்கம் லேசாக நெளிந்து, வண்டி எப்போதும் வலது பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தது. முதலாளி அதைச் சரிசெய்யவில்லை. சோணையும் கேட்கவில்லை. வலக்கையால் ஸ்டியரிங்கை இடது பக்கமாக முட்டுக்கொடுத்தபடியே ஓட்டிப் பழகினார். முட்டுக்கொடுக்கிறோம் என்பதே நாளடைவில் அவருக்கு மறந்துபோனது.

ஐம்பத்து நான்காவது வயதில் தோள்பட்டை நின்றுபோனது. சட்டைக் கையை மாட்டிவிடக்கூட மனைவி சின்னத்தாய் வர வேண்டியிருந்தது. தோளைப் பிடித்துவிட்ட பிசியோதெரபிஸ்ட், இனி இந்த மாதிரி கனத்த ஸ்டியரிங்கைத் தொட்டால் கை மேலே எழும்பாது என்று சொல்லிவிட்டார். அதே வருடம் வேனும் பழைய இரும்புக்குப் போனது. கொடிக்காலில் கூலி வேலைக்குப் போகலாம் என்றால் ஏணி ஏறக் கை வேண்டும். கார் ஓட்டுவதைத் தவிர வேறு வழி சோணைக்கு இல்லை. அதுவும் லேசான ஸ்டியரிங் உள்ள காராக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு கார் கிடைத்தது. காமராஜர் சாலைப் பக்கம் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்யும் அலர்மேல்மங்கையின் கார். சௌராஷ்டிரக் குடும்பம். அவருடைய பழைய டிரைவர் துபாய்க்குப் போய்விட்டார். வாரம் ஒரு தடவை திருச்சிக் கடைகளுக்குச் சேலை கொண்டுபோக வேண்டும். மற்ற நாளெல்லாம் ஊருக்குள் ஓட்டம்.

"ஒரு மாசம் ஓட்டுங்கண்ணே. ரெண்டு பேருக்கும் ஒத்துவந்தா நிரந்தரமா இருந்துக்கலாம்" என்றார் அலர்மேல்மங்கை.

முதல் நாள் விளக்குத்தூண் சந்தில் வண்டியைத் திருப்பியபோது சோணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு விரல் போதுமாக இருந்தது. தள்ளுவண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவில், மூச்சு வாங்காமல், எழுந்து நிற்காமல், வண்டி பாட்டுக்குத் திரும்பியது. வீட்டுக்கு வந்து சின்னத்தாயிடம் அதைத்தான் சொன்னார்.

"காப்பியில சீனியக் கலக்குற மாதிரி இருக்கு புள்ள. கையி இருக்கதே தெரியல."

"அப்ப சம்பளத்தக் கையில குடுக்க வேணாம்னு சொல்லிரவா?" என்றாள் அவள்.

சிரிப்பு திருச்சி ரோட்டில் நின்றுபோனது. மேலூர் தாண்டி நான்குவழிச் சாலையில் வேகம் எண்பதைத் தொட்டதும், ஊருக்குள் இழைந்த ஸ்டியரிங் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. இறுகினாலும் பழைய வேனைப்போல அது எதையும் சொல்லவில்லை. வேனில் ஒரு கூழாங்கல்லின்மேல் டயர் ஏறினாலும் மணிக்கட்டுக்குத் தெரியும். இதில் ரோடு வேறெங்கோ, கை வேறெங்கோ இருந்தன. வண்டி மெல்ல இடது பக்கம் நகரும். சோணை வலது பக்கம் கொண்டுவருவார். நேராக நிற்பதற்குள் மறுபடியும் இடது பக்கம் போகும். தூளி ஆடுவதுபோல வண்டி ஆடியது. கொட்டாம்பட்டிக்கு முன்னாலேயே அலர்மேல்மங்கை வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரப் புளியமரத்தடியில் வாந்தி எடுத்தார்.

அடுத்த வாரமும் அதே கதை. பின்சீட்டில் கண்ணை மூடியபடி அலர்மேல்மங்கை தன் தம்பி ஹரிஷ்குமாரிடம் போனில் பேசினார். பேச்சு முழுவதும் சௌராஷ்டிரத்தில் இருந்தது. அதற்குள் "டிரைவர்" என்ற சொல் மட்டும் சோணைக்குப் புரிந்தது. பேசி முடித்ததும் அவரே தமிழில் சொல்லிவிட்டார்.

"ஒளிச்சுப் பேசலண்ணே. ஆனையூர்ல ஒரு டிரைவர் இருக்காராம், தம்பி சொல்றான். ஊருக்குள்ள நீங்க ஓட்டுறதுக்கு ஒரு குறை இல்ல. ஆனா எனக்குப் பொழப்பே திருச்சியிலதான். இன்னும் ஒரு ட்ரிப் பாப்போம்."

"வண்டியில ஏதோ கோளாறு இருக்கும்மா. இடது பக்கமா இழுக்குது. நான் காட்டிட்டு வாரேன்."

சோணை அதை மனதார நம்பினார். வண்டியூரில் வீல் அலைன்மெண்ட் கடை வைத்திருக்கும் சங்கிலியிடம் கொண்டுபோனார். இருவரும் ஒரே வயது, ஒரே வாய். நான்கு சக்கரத்திலும் கருவியை மாட்டிப் பார்த்த சங்கிலி, தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து இறங்கினார்.

"மாப்ள, வண்டி நூல் பிடிச்ச மாதிரிப் போகுது. உனக்குத்தான் அலைன்மெண்ட் பாக்கணும். ஏறிப் படுக்குறியா?"

"வெளையாடாதடா. எண்பதுக்கு மேல போனா ஸ்டியரிங்கு கனக்குது."

"கனக்கத்தான் செய்யும். உள்ள ஒரு மோட்டார் இருக்கு. மெதுவாப் போகயில உனக்கு அம்புட்டு ஒத்தாசை பண்ணும். வேகம் ஏற ஏறக் கையக் கட்டிக்கிட்டு நின்னுரும். இல்லன்னா நீ தும்முனாக்கூட வண்டி பக்கத்துக் காட்டுக்குள்ள போயிரும்ல?"

"அப்ப திருப்புறது நானா, அதுவா?"

"ரெண்டு பேரும்தான். நீ லேசாக் காட்டு, அது செய்யும். சண்டைக்குப் போகாத."

சோணைக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. வண்டியில் கோளாறு இல்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. கோளாறு இருந்திருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். சின்னத்தாய் என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

மூன்றாவது திருச்சிப் பயணத்தில் அலர்மேல்மங்கை முன்சீட்டில் உட்கார்ந்தார், கையில் ஒரு எலுமிச்சம்பழத்துடன். சோணை எழுபதைத் தாண்டாமல், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். இறுக்க இறுக்க ஆட்டம் கூடியது. துவரங்குறிச்சியை நெருங்கும்போது வலது தோளில் சுருக்கென்று ஒரு வலி பிடித்து முழங்கைவரை ஓடியது. கை ஸ்டியரிங்கில் நிற்கவில்லை. ஓரங்கட்டலாம் என்றால் இடது பக்கம் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, வலக்கையை எடுத்துத் தொடையில் போட்டுக்கொண்டு, இடக்கையால் மட்டும் பிடித்தார்.

வண்டி நேராகப் போனது.

லாரி வரிசை முடிந்தது. ஓரங்கட்ட இடம் வந்தும் சோணை நிறுத்தவில்லை. வலி கொஞ்சம் அடங்கியதும் வலக்கையை ஸ்டியரிங்கில் வைத்தார். வண்டி இடது பக்கம் நகர்ந்தது. எடுத்தார். நேரானது. மறுபடியும் வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை தன் கையையே கவனித்தார். கை சும்மா இருக்கவில்லை. கீழிருந்து மேலாக, இடது பக்கமாக முட்டிக்கொண்டிருந்தது.

பழைய இரும்பாகிப்போன வேன் வலது பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பதாக எண்ணி, கை இன்னமும் அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வேனில் இந்தத் தள்ளு வண்டியைத் திருப்பாது. இழுப்புக்கும் தள்ளுக்கும் சரியாகப் போய்விடும். இங்கே இழுப்பு இல்லை. தள்ளுகிற கைக்குத் துணையாக மோட்டார் வேறு. அதுவும் வேறென்ன செய்யும்? டிரைவர் இடது பக்கம் கேட்கிறார் என்று நினைத்து, கேட்டதைச் செய்து கொடுத்தது.

அலர்மேல்மங்கை பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னண்ணே, கைய வைக்கிறீங்க, எடுக்கிறீங்க?"

பேசாமல் சரிசெய்துகொண்டு போயிருக்கலாம். ஆனால் வண்டிமேல் பழி சொன்னது அவர் வாய்தான். சோணை சொல்லிவிட்டார்.

"வண்டியில கோளாறு இல்லம்மா. கோளாறு என் கையிலதான். பழைய வேனு இழுத்ததுக்கு இது இன்னமும் தள்ளிக்கிட்டு இருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியுது."

சிரிப்பாரோ, கோபிப்பாரோ என்று சோணை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அலர்மேல்மங்கை எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார்.

"ஏழு வயசுல, சுங்குடித் துணிக்குச் சாயம் ஏத்துறதுக்கு முன்னால முடிச்சுப் போட உக்காந்தேண்ணே. கல்யாணத்துக்கப்புறம் வியாபாரத்துக்கு வந்துட்டேன், முடிச்சுப் போடுறதே இல்ல. ஆனா இன்னிக்கும் காலையில எந்திரிச்சாப் போர்வ நுனியில வரிசையா முடிச்சு இருக்கும். தூக்கத்துல நாந்தான் போட்டிருப்பேன். எங்க வீட்டுக்காரரு உக்காந்து அவுத்துக்கிட்டு இருப்பாரு."

"திட்ட மாட்டாரா?"

"திட்டுவாரு. ஆனா அவுத்துருவாரு."

அதன் பிறகு சோணை வலக்கையை ஸ்டியரிங்கின்மேல் வைக்கத் தொடங்கினார். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறவர்களைப்போல மட்டும் வைத்தார். பிடி தளர்ந்ததும், இத்தனை நாள் வாய் திறக்காத ஸ்டியரிங் பேச ஆரம்பித்தது. பாலத்து இணைப்புகளைத் தாண்டும்போது விரல்நுனியில் ஒரு சிறு அதிர்வு. வளைவில் ஒரு கனம். வளைவு முடிந்ததும் அதுவாகவே நடுவுக்கு வரும் ஓர் அடக்கம். பழைய வேன் கத்தியதை இது காதோரம் சொன்னது. மெல்ல எண்பதுக்கு ஏறினார். அந்த இறுக்கம் இப்போது தடுப்பதாகத் தெரியவில்லை, தாங்குவதாகத் தெரிந்தது. ஆம்னி பஸ் ஒன்று உரசுவதுபோல முந்திப்போய்க் காற்றடித்தபோது மட்டும் வலக்கை பழைய நினைப்பில் துள்ளியது. வண்டி ஒருமுறை அலைந்தது.

"முடிச்சு!" என்றார் அலர்மேல்மங்கை.

"அவுத்தாச்சும்மா" என்றார் சோணை, கையைத் தளர்த்தி.

விராலிமலையில் அலர்மேல்மங்கை நிறுத்தச் சொன்னார். மறுபடியும் வாந்தியோ என்று சோணை தண்ணீர் பாட்டிலை எடுத்தார். ஆனால் இறங்கியவர் நேராக டீக்கடைக்குப் போய் இரண்டு வடை சொன்னார்.

திரும்பி வரும் வழியிலும் இரண்டு மூன்று தடவை கை முட்டத்தான் செய்தது. அத்தனை வருடப் பழக்கம் ஒரு பகலில் போய்விடாது. ஆனால் முட்டுகிறது என்று இப்போது சோணைக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன் தளர்த்த முடிந்தது. தளர்த்திய ஒவ்வொரு தடவையும் தோளுக்கும் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. வலி போய்விட்டது என்று சொல்ல முடியாது. வேன் ஓட்டிய காலத்தில் இருந்த வலி அதுவல்ல என்று சொல்லலாம்.

மேலூர் தாண்டியதும் அலர்மேல்மங்கை தம்பிக்குப் போன் போட்டார். சௌராஷ்டிரத்தில் நாலு வார்த்தை, நடுவில் ஒரு சிரிப்பு. வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஆனையூர்க்காரர வர வேணாம்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் திருச்சியோட சேத்து சேலமும் போகணும்ண்ணே. அம்புட்டுத் தூரம் தோளு தாங்குமா?"

"நடுவுல ரெண்டு எடத்துல நிறுத்திப் போனாத் தாங்கும்மா."

"நிறுத்துவோம். எனக்கும் டீ வேணும்ல. காலையில எத்தன மணிக்கு வருவீங்க?"

"நாலரைக்கு வாரேன்."

"நாலரையா? ஏண்ணே, நான் என்ன வெத்தலைக்கட்டா, வெயில் ஏறுனா வாடிப்போக? ஆறு மணிக்கு வாங்க போதும்."