இரண்டாவது கார்டு

ராயபுரத்தில் வியாகுலம்மாளைக் கருவாட்டுக்காரி என்று அறிந்தவர்கள் பாதிப் பேர். பொறாமைக்காரி என்று அறிந்தவர்கள் எல்லாரும். பக்கத்து வீட்டு முருங்கை நன்றாகக் காய்த்தால் அன்றைக்கு இவளுக்குச் சோறு இறங்காது.

புருஷன் அருள்நாதன் கப்பலில் கரி தள்ளுகிறவர். 1917இல் ஜெர்மன்காரன் அந்தக் கப்பலைப் பிடித்து, அவரையும் பக்கத்து வீட்டு ஜெயவேலையும் ஒரே முகாமில் அடைத்தான். கைதிகளின் தபாலுக்கு ஸ்டாம்பு வேண்டாம், ஆனால் அந்த முகாமில் ஆளுக்கு மாதம் இரண்டே கார்டு. ஜெயவேல் கைநாட்டு. அவன் சொல்லச் சொல்ல அருள்நாதன்தான் எழுதுவார். மேலே பிள்ளையார் சுழியை மட்டும் ஜெயவேல் தன் கையால் கோணலாகப் போடுவான்.

அவன் பெண்சாதி தங்கபுஷ்பத்துக்கும் எழுத்து தெரியாது. கார்டு வந்ததும் வியாகுலம்மாளிடம் வாசிக்கக் கொண்டுவருவாள். வந்தது வினை. தன் புருஷன் கையெழுத்தில், "என் கண்ணு, வேளைக்குச் சாப்பிடு" என்று அடுத்தவளுக்கு வாசித்துக்காட்ட வேண்டும். தனக்கு வருவதிலோ, "சுகம். இங்கே பனி அதிகம்." வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மறு வருஷம் வியாகுலம்மாளுக்கு மாதம் ஒரே கார்டுதான் வந்தது. தங்கபுஷ்பத்துக்கும் ஒன்றுதான். அப்படி மாதம் ஒன்றாக அவள் கொண்டுவந்ததில் ஏழாவது கார்டின் உச்சியில் ஒரு சின்னச் சிலுவை. அருள்நாதன் கடிதம் எழுத உட்கார்ந்தால் முதலில் போடுகிற சிலுவை.

வியாகுலம்மாளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இன்னாடி இது? என் புருசன் போடற சிலுவைக்கு உன் கார்டுல இன்னா வேலை? எனக்கு வர வேண்டிய ரெண்டாவது கார்டுடி இது! உன் புருசனோட ரெண்டு கார்டும் எங்கடி போச்சு?"

கத்தி முடித்த பிறகுதான் கேட்ட கேள்வி அவளுக்கே உறைத்தது.

தங்கபுஷ்பம் அழவில்லை. "தெரியும்க்கா. ஏழு மாசமா அவரு போடற கோணல் சுழி இல்ல, வேற யாரோ நேரா போட்ட சுழி, இப்ப சிலுவை. எழுத்துதான் தெரியாது, அதுகூடவா தெரியாது? கார்டு வந்துகினு இருக்கற வரைக்கும் பொட்டு வச்சிக்கலாம்னு வாயத் தொறக்காம கீறேன்."

அன்றோடு வியாகுலம்மாளின் பொறாமை போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அருள்நாதனுக்கு எழுதிய பதிலில், பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டே வரி எழுதினாள்:

"எனக்கு ஒரு கார்டு போதும். அவளுக்கு எழுதும்போது மேலே சுழி போடுங்கள், கோணலாக."