இரண்டு அம்புள்ள டயர்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல் மாதிரி இருக்கும். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். தொடக்கநிலை ஆறோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்பட்டே பாதி ஆயுள் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு எங்கள் புக்கிட் மேரா அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பழைய பொருள்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். டீ கொடுப்பார்கள் என்று நானும் போனேன். மண்ணெண்ணெய் அடுப்பு, டிபன் கேரியர் எல்லாம் தாண்டி, ஒரு மலைச் சைக்கிள் டயர் கயிற்றில் தொங்கியது. கிட்டப் போனதும் பழைய ரப்பர் வாசம். அந்த வாசத்திலேயே என் கட்டைவிரல் தானாக எழுந்து டயரில் புடைத்து நிற்கும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவே நுழையப் பார்த்தது. போகவில்லை. இடுக்கு அவ்வளவு குறுகல். அப்போதே தெரிந்துவிட்டது, எந்த டயர் என்று.

அந்த நேரம் பார்த்து மைக்கில் ஒரு குரல். தேக்கா பக்கம் நான் வேலை பார்த்த சைக்கிள் கடையின் முதலாளி! தலை நரைத்துப் போயிருந்தது. பழைய நாள் கதை சொல்ல அழைத்திருந்தார்கள்.

"எங்கிட்ட ஒருத்தன் வேலை பாத்தான் லா. டயரையே திருப்பி மாட்டிட்டான்! அம்புக்குறி போட்டிருக்கு, அதைக்கூடப் பாக்கத் தெரியல. கஸ்டமருக்குத் தோள் எலும்பு போச்சு. படிக்காதவன் கையில குடுத்தா அப்படித்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் டீயோடு நின்ற நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

கடையில் எனக்கு டயர் மாட்டும் மேசைதான். முதலில் வந்த மலைச் சைக்கிள் டயர்களில் பட்டன்கள் எல்லாம் ஒரே மாதிரி சதுரமாக, சாக்லேட் கட்டி போல இருக்கும். பிறகு முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். முன் டயரில் பட்டன்கள் அம்புமுனை போல, திருப்பத்தில் மண்ணைப் பிடிக்க. பின் டயரில் குறுக்குக் கட்டைகள், ஏணிப்படி மாதிரி, ஏற்றத்தில் உந்த. கட்டைகளுக்கு நடுவே என் கட்டைவிரல் தாராளமாகப் போகும். விரல் போகிற இடத்தில் சேறு நிற்காது, சக்கரம் சுற்றும்போது உதறிக்கொண்டு விழும். புக்கிட் தீமா காட்டுப் பாதையில் மழை பெய்த மறுநாள் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். இது யாரும் சொல்லித் தந்ததில்லை. திரும்பி வந்த சைக்கிள்களைக் கழுவிக் கழுவி விரலுக்குத் தெரிந்தது.

அப்புறம் ஒரு புது வகை இறங்கியது. நடுப் பட்டன்கள் தாழ்வாக, நெருக்கமாக. காய்ந்த தரையில் தடையில்லாமல் ஓடும் என்றார்கள். எந்த ஊரில் காய்ந்த தரை? இங்கே மதியம் ஆனால் இடி இடிக்கிறது! அந்த டயரின் பக்கவாட்டில் இரண்டு அம்பு. முன் சக்கரத்தில் மாட்டினால் ஒரு திசை, பின் சக்கரத்தில் மாட்டினால் அதற்கு நேர் எதிர்த் திசை. ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் 'முன்', 'பின்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். அந்த இரண்டு சொல் கூடவா எனக்குத் தெரியாது?

பக்கத்தில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஹனீபா பாய்க்கு முதலாளி அதைத் தலையில் கட்டினார். பாய் வாரம் தவறாமல் காட்டுக்குப் போகிறவர். "இது சேத்துல நிக்குமா தம்பி?" என்று என்னிடம்தான் கேட்டார்.

முதலாளி முந்திக்கொண்டார். "புது டிசைன் பாய், ஒட்டிக்கிட்டு நிக்கும்!"

நான் விரலை வைத்துப் பார்த்துவிட்டிருந்தேன். இடுக்கில் நகம்கூட நுழையவில்லை. 'வேண்டாம் பாய்' என்ற ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. தலையைக் குனிந்து பின் சக்கரத்தில் 'பின்' அம்பு பார்த்துச் சரியாக மாட்டிக் கொடுத்தேன்.

மழை பெய்த மறுநாள் இறக்கத்தில் பாய் விழுந்தார். கையைத் துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். அவர் மகன் சைக்கிளைத் தள்ளி வந்தான். பின் டயர் முழுக்கச் செம்மண் அப்பி, பட்டன் இருக்கிற இடமே தெரியாமல் பிசைந்த மாவு மாதிரி வழுவழுவென்று இருந்தது. முதலாளி துணியால் ஒரே ஒரு இடத்தைத் துடைத்தார். தெரிந்தது 'முன்' அம்பு மட்டும்; பக்கத்தில் இருந்த சொல் சேற்றுக்குள். பின் சக்கரத்தில் அது பின்னோக்கித்தானே காட்டும்?

"பாத்தீங்களா பாய், மடையன் திருப்பி மாட்டியிருக்கான்!"

இன்னும் ஒரு சாண் துடைத்திருந்தால் இன்னொரு அம்பு தெரிந்திருக்கும். துணி என் தோளிலும் ஒன்று கிடந்தது. நான் துடைக்கவில்லை. பாய் என்னைப் பார்த்து, "பரவாயில்ல தம்பி, அடுத்த வாட்டி கவனமா இரு," என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுநாளிலிருந்து டயர் மேசை எனக்கு இல்லை. செயின் கழுவத்தான் விட்டார்கள். ஆறு மாதத்தில் நானே நின்றுவிட்டேன்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு அந்தத் தொங்கும் டயரைச் சுழற்றி, 'பின்' அம்பும் முன்பக்கம் தெரியும்படி வைத்தேன். தொண்டராக நின்ற பெண் ஓடி வந்தாள்.

"அங்கிள், தொடாதீங்க லா."

"இதுல ரெண்டு அம்பு இருக்கு பாருங்க."

"ஆமா அங்கிள். அதுக்கென்ன?"

அதுக்கென்ன? சரியான கேள்விதான். முதலாளி அதற்குள் டாக்சியில் ஏறிவிட்டார்.

இப்போது டயர்கள் நான்கு விரல் அகலம், உள்ளே டியூப்கூட இல்லை. பட்டன்கள் மறுபடி விலகி நிற்கின்றன. என் கட்டைவிரல் போகிறது. ஆக, நெருக்கப் பட்டன் தப்பு என்று டயர் செய்கிறவனே ஒத்துக்கொண்டுவிட்டான். எங்கள் முதலாளிதான் இன்னும் மைக்கில் சிரிக்கிறார். ஏணிப்படி டயர் இல்லை, கடை இருந்த இடத்தில் ஓட்டல், இரண்டு அம்பு போட்ட டயர் காட்சிக்குத்தான். ஹனீபா பாய் தவறி நான்கு வருடம் ஆகிறது. நான் சரியாகத்தான் மாட்டினேன் பாய். ஆனால் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. மழை.