பார்க்காமல் சொன்ன ‘யோஷி’

உராபேயை நான் பத்தொன்பது வருஷமாகப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கூப்பிட்டேன். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. மனுஷன் கோபித்துக்கொண்டதே கிடையாது. வெயில் கொளுத்துகிற நாளிலும் குடையோடு வருவார். ராத்திரி கேஸ் அடுப்பை அணைத்ததும் விரலை நீட்டி, “அடுப்பு, யோஷி!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் படுப்பாராம். அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். யோஷி என்றால் ‘சரியாக இருக்கிறது’. எங்கள் வேலையில் எதைச் சரிபார்த்தாலும் அதை விரலால் சுட்டி, வாய்விட்டு அப்படிச் சொல்லியாக வேண்டும். கண்ணும் கையும் வாயும் ஒன்றாக வேலை செய்தால் தப்பு வராது என்பது கணக்கு.

ஜப்பானின் ஷிமானே மலைக்குள் இருக்கும் எங்கள் வளையத்தில் எலக்ட்ரான் கற்றை சுற்றுகிறது. அரைக் கிலோமீட்டர் குழாய், உள்ளே காற்று என்பதே கிடையாது. அதிலிருந்து கிளை கிளையாக வெளியே வரும் ஒளியை வைத்து நாற்பது குழுக்கள் ஆராய்ச்சி செய்கின்றன. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் வெங்காயச் சருகு மாதிரி ஓர் உலோக ஜன்னல். அது கிழிந்தால் காற்று தோட்டா வேகத்தில் உள்ளே பாயும். அது வளையத்தை எட்டுவதற்குள், கண் இமைக்கிற நேரம்கூட எடுக்காமல், வழியில் ஒரு தகடு அறைந்து மூடிக்கொள்ளும். அதுதான் அதிவேக வால்வு. அதைக் கட்டிக் காப்பதுதான் உராபேயின் வேலை. இளம் வயதில், வேறொரு வளையத்தில், அந்தத் தகடு மூடாமல் போனதை அவர் கண்ணால் பார்த்தவர். உள்ளே போன தூசியையும் ஈரத்தையும் எடுக்க எட்டு மாதம் குழாயைச் சூடாக்கிக் காயவைத்தார்களாம். பொறுப்பில் இருந்தவர் ஊரை விட்டே போய்விட்டாராம். அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவே இல்லை.

அந்த வியாழக்கிழமை காலையில் ஏழாம் கிளையின் அழுத்தமானி கெட்டுப்போய், ஒன்றுமில்லாததற்கெல்லாம் வால்வைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தது. வால்வு தட்டினால் கற்றையும் தானாக அணையும்; அப்படி மூன்று தடவை கற்றை போயிற்று. ஆராய்ச்சிக்காரர்கள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். மூன்றாம் தடவை கற்றை போனதும் உராபே சாவியைத் திருப்பி வால்வை வேலை செய்யாமல் தூங்கவைத்துவிட்டு, மானியை மாற்றினார். வேலை முடிந்ததும் சாவியைப் பழையபடி திருப்பி, எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வால்வு விழித்திருந்தால்தான் சாவி பூட்டைவிட்டு வெளியே வரும்.

பதினொரு மணிக்கு எனக்கு, கட்டுப்பாட்டு அறைக்கு, போன் செய்தார்.

“கஜிவாரா சான், ஏழாம் கிளை வால்வு, யோஷி!”

“யோஷி!” என்று நானும் சொன்னேன். கற்றையை ஏற்றினேன்.

பன்னிரண்டரைக்கு கேண்டீனில், ஊடோன் நூடுல்ஸின் ஆவி படிந்த கண்ணாடியைத் துடைக்கக் கைக்குட்டைக்காகப் பையில் கைவிட்டாராம். கைக்குட்டை இருந்தது, சாவி இல்லை. அப்படியானால் அது பூட்டிலேயே இருக்கிறது, வால்வு இன்னும் தூங்குகிறது. ஒரு மணிக்கு ஏழாம் கிளைக்காரர்கள் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் வாயுவை ஏற்றப் போகிறார்கள். அந்த அழுத்தத்தில் ஜன்னல் கிழிந்தால் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை.

ஓடிப்போய்ச் சத்தமில்லாமல் சாவியைத் திருப்பிவிடலாமே என்றும் தோன்றியதாம். ஆனால் திருப்பினால் வால்வு தன்னை ஒருமுறை மூடிப் பார்த்துக்கொள்ளும்; அந்தச் சோதனைக்குக் கற்றை தானாக அணையாது. ஒளி ஓடும்போது மூடினால் தகடு உருகிவிடும். கற்றையை இறக்காமல் வழியில்லை. இறக்கினால் நாற்பது குழுக்களுக்கும் காரணம் சொல்ல வேண்டும். அவரோ ஒப்பந்த ஆள். மார்ச்சில் மேலிடம் மறுபடி கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போயிற்று.

எனக்குப் போன் வந்தது.

“கஜிவாரா சான், கற்றைய எறக்குங்க.”

“என்னது? சாப்பாட்டுல எவனாச்சும் எதையாச்சும் கலந்துட்டானா? நாப்பது குழுவும் என் தோலை உரிச்சுடுவாங்க, தெரியுமில்ல?”

“வால்வு தூங்குது. நான்... பாக்காமலே யோஷின்னு சொல்லிட்டேன். வாய் தானா சொல்லிடுச்சுங்க. எறக்குங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்.”

பதிலுக்கு இன்னொரு கேலி என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் கண் எதிரே இருந்த விளக்குப் பலகைக்குப் போய்விட்டது. ஏழாம் கிளை விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் என்றால் வால்வு தூங்குகிறது. காலையிலிருந்து என் மூக்குக்கு முன்னால் எரிந்திருக்கிறது சனியன்! பதினொரு மணிக்கு அதைச் சுட்டிக்காட்டிவிட்டல்லவா நான் யோஷி சொல்லியிருக்க வேண்டும்? அந்த நேரம் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.  கற்றையை இறக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

பத்து நிமிஷத்தில் சாவி திரும்பியது, விளக்கு பச்சையானது. ஜன்னல் கிழியவும் இல்லை, காற்று புகவும் இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைவர் மினோவா காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார்: “ஏழாம் கிளைக்குக் கட்டுப்பாட்டு அறையில யார் யோஷி சொன்னது?”

 பலகையைப் பார்க்காமல் கற்றை ஏற்றியவரை அந்த நாற்காலியில் வைத்திருக்க மாட்டார்கள். உராபே என் பக்கம் திரும்பவே இல்லை.

“கஜிவாரா சான் சொன்னாங்க. அப்ப விளக்கு பச்சைதான். அப்புறம் நாந்தான் ஏதோ ஞாபகத்துல சாவியை மறுபடி திருப்பிட்டேன்.”

“இது ரொம்பப் பெரிய தப்பு, உராபே சான். ஒப்பந்தத்தைப் பத்தி மேல பேச வேண்டியிருக்கும்,” என்றார் மினோவா.

உராபே இடுப்புவரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். ஊர் வாயெல்லாம் அடக்குகிற நான் அங்கே வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன்.

தாழ்வாரத்தில் அவரைப் பிடித்துவிட்டேன். “யாருய்யா உங்களைப் பொய் சொல்லச் சொன்னது? மகளை வேற படிக்க வைக்கிறீங்க, புத்தி இருக்கா?”

 “எனக்கு முப்பது வருஷமா பயந்து பழக்கம், கஜிவாரா சான். பயத்தோடயே சோறு எறங்கும். உங்களுக்கு எறங்காதுங்க.”

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.  நான் நேராக நடந்துபோய் மினோவா அறைக் கதவைத் தட்டினேன்.

“யாரு?”

“நாந்தான். விளக்கு மஞ்சளாத்தான் இருந்துச்சு,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய் இன்னொரு தரம் சொன்னேன்.