மூன்று மேடுகளில் ஒன்று

பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, "நம்ம கல்லறைத் தோட்டத்துல அடங்கியிருக்கிற பெரிய மனுஷங்க பட்டியல் ஒண்ணு எழுதிக் குடுங்க டீச்சர்" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் மகன் வீட்டில் சும்மா இருந்தவள் நான். பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தினமும் பஸ் ஏறிப் போய், நோட்டும் கையுமாகச் சிமெண்டுக் கல்லறைகளைச் சுற்றி வந்தேன். பிரசவம் பார்ப்பதற்கென்றே ஆஸ்பத்திரி வைத்த டாக்டரம்மா, பேண்டு வாத்தியார், ஊரில் பாதிப் பேரைப் பிரம்பால் அடித்த தலைமை ஆசிரியர் என்று இருபத்துமூன்று பேர் தேறினார்கள். அம்மா இருக்கும் கிழக்குச் சுவர்ப் பக்கம் மட்டும் நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

பட்டியல் எதற்கு என்பது பங்குக் கூட்டத்தில்தான் தெரிந்தது. தோட்டத்தில் இடமில்லை. இனிச் சாகிறவர்களுக்குப் பழைய குழியைத்தான் தோண்ட வேண்டும். பட்டியலில் இருப்பவர்களைத் தொடமாட்டார்கள். மற்றவர்களில், கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்ற ஆள் வராத குழிகளைத் தோண்டுவார்கள். "சரியான ஏற்பாடு சாமி" என்று முதலில் கையைத் தூக்கியவள் நான்தான். என் புத்தியை எதால் அடிப்பது?

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அம்மாவின் குழி நினைவுக்கு வந்தது. பஞ்சு மில்லில் கூட்டிப் பெருக்கி என்னை டீச்சராக்கிய என் அம்மா எந்தப் பட்டியலிலும் வரமாட்டாள். கல்லறையை அடுத்த வருடம் கட்டலாம் என்று சொல்லிச் சொல்லியே பதினொரு வருடத்தை ஓட்டிவிட்டேன். வேலை பார்த்த ஊரிலிருந்து ஒரு திருநாளுக்குக்கூட வரவில்லை.

மறுநாள் காலையிலேயே குழி வெட்டுகிறவரைப் பிடித்தேன். அவர் கிழக்குச் சுவரோரம் கூட்டிப் போனார்.

"இந்த மூணு மேட்டுல ஒண்ணுதான் டீச்சர். மரச்சிலுவை அம்புட்டையும் கரையான் தின்னுட்டு. எதுன்னு சொல்லத் தெரியலை."

"நல்லா யோசிச்சுப் பாருங்கண்ணே."

"யோசிச்சா மட்டும் மண்ணு பேசவா போகுது?"

திருநாளன்று மூன்று மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போனேன். பெருங்கூட்டம். மூன்று மேட்டிலும் ஏற்றினால், பட்டியல் எழுதிய டீச்சருக்குப் பெற்ற தாயின் குழி தெரியவில்லை என்று நாலு பேர் பேசுவார்களே என்று கை கூசியது. ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வந்த சாமியார், "அம்மாவா டீச்சர்?" என்றார். "ஆமா சாமி" என்று நடு மேட்டில் ஒன்றை ஏற்றிவிட்டேன். மற்ற இரண்டும் பைக்குள்ளேயே கிடந்தன. பக்கத்து மேடுகளுக்கு யாரும் வரவில்லை. சாமியாருக்குக் கூடமாட வேலை பார்க்கும் கோயில்பிள்ளை, ஆள் வராத குழிகளை நோட்டில் குறித்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் துக்க மணி அடித்ததாக யாராவது சொன்னாலே பதறினேன். பத்தாம் நாள் சுந்தரபாண்டியத்துத் தையல்காரர் ஒருவர் இறந்துபோனார். இடதுபக்க மேட்டைத் தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பஸ் பிடித்து ஓடினேன்.

மண்வெட்டி இறங்க இறங்க நான் குழியின் விளிம்புக்கே போய்விட்டேன். சாவதற்கு முந்தின வருடம் அம்மா வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். மதுரையில் ராடு வைத்தார்கள். மழை பெய்தால், "ஏட்டி, உள்ள கம்பி குளிருது" என்பாள். மாதாவே, சத்தம் கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றேன்.

இடுப்பளவு ஆழத்தில் டங்கென்றது.

குழி வெட்டுகிறவர் குனிந்து கையால் துழாவினார். விரலால் மண்ணைத் தேய்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் தையல்காரரின் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. முன்னால் சாமியார் நடந்து வந்தார்.

"கம்பி வச்ச காலு டீச்சர்" என்றார் குழி வெட்டுகிறவர், எனக்கு மட்டும் கேட்கும்படி. "உங்கம்மாவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழியை மூடிவிடுவார். சாமியாரிடம் சொன்ன பொய்யும் கூடவே வெளியே வரும்.

"எனக்கு என்ன தெரியும்ணே" என்றேன்.

அவர் எலும்புகளோடு அந்தக் கம்பியையும் குழியின் ஒரு மூலையில் ஒதுக்கி, மேலே மண்ணைத் தள்ளினார்.