என் பெயரில் வாங்கிய கார்

கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருடம் என் கணவர் தன் லாரியை விற்றார். மரக்காணத்தில் எங்களுக்கு இருந்தது கொஞ்சம் உப்பளமும் அந்த லாரியும்தான். பாத்திகளில் சேறும் மணலும் ஏறி அந்தக் கோடையில் உப்பே எடுக்க முடியவில்லை. ஏற்ற உப்பில்லாத லாரி எதற்கு என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. விற்ற சில வாரங்களில், குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா கார் விற்கிறார், பார்த்துவிட்டு வரலாம் வா என்று அவர் கூப்பிட்டபோதுதான் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன காருங்க?"

"ஜெர்மனி காரு. பழசுதான். நாலு டோரு இருக்குது, ஆனா ஓட்டம் ரேஸ் காரு மாதிரி. லாரியில போறப்ப எத்தினியோ வாட்டி என்னைத் தாண்டிப் போயிருக்குது. சத்தத்த வெச்சே சொல்லிடுவேன், அதுதான் வருதுன்னு."

நான் பால்வாடி டீச்சர். எங்கள் வீட்டுக் கூரை மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகும். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை, அதைப்பற்றிப் பேசுவதை இருவரும் நிறுத்தி நாளாகியிருந்தது. இந்த நிலையில் ரேஸ் கார் வேண்டுமாம். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அது என் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. சில மாதங்களாகவே அவர் போக்கு சரியில்லை. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் தடுக்கிக்கொள்வார். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலிருக்கும் டம்ளரைத் தட்டிவிடுவார். குடிக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் மோந்துகூடப் பார்த்திருக்கிறேன். வாடை எதுவும் வராது. ஏதோ வாடையில்லாத சரக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனோம். முந்திரி மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன வீடு, பக்கத்தில் கீற்றுக் கொட்டகை, அதற்குள் கார். கருநீலம். நான் நினைத்ததைவிட நீளம், நினைத்ததைவிடத் தாழ்வு. அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் இறந்துவிட்டார், கார் அவருடையது, இனி நானும் சொந்த நாட்டுக்கே திரும்பப்போகிறேன் என்றார். முப்பது வருடம் நம் பெண்களோடு பழகிய தமிழ், நம்மைப் போலவே பேசினார்.

"ஓட்டிப் பாருங்க. பாத்துட்டு சொல்லுங்க."

என் கணவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அந்த அம்மா பக்கத்தில், நான் பின்னால். செம்மண் ரோட்டில் மெல்லப் போய்த் தார் ரோட்டில் ஏறியதும் அவர் ஒரு மிதி மிதித்தார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. சிரிக்கவில்லை, ஆனால் முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் கழன்று விழுந்த மாதிரி இருந்தது. பெண் பார்க்க வந்தபோது இருந்த முகம். எனக்கு இருந்த கோபம் பாதி குறைந்துபோனது நிஜம்.

திரும்பி வரும்போது இடையஞ்சாவடி தாண்டி மரங்கள் அடர்ந்த இடத்தில் வெளிச்சம் குறைந்தது. கார் வேகம் குறைந்தது. அப்புறம் நடு ரோட்டில் நின்றுவிட்டது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அம்மா, நீங்க ஓட்டுங்க" என்றார்.

"ஏன்? வண்டியில ஏதாச்சும் கோளாறா?"

"வண்டி நல்லா இருக்குது. எனக்குத்தான் தெரியல."

"என்ன தெரியல?"

"ரோடு."

அந்த நடு ரோட்டில், யாரென்றே தெரியாத ஒரு அம்மாவின் முன்னால்தான் என் புருஷன் கதை எனக்குத் தெரியவந்தது. ஆறு மாதத்துக்கு முன் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். விழித்திரை தேய்ந்துகொண்டே வருகிறதாம். பொழுது சாய்ந்தால் ஒன்றும் தெரியாது. பகலிலும் பக்கவாட்டில் தெரியாது, நேரே மட்டும், குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. அந்தக் குழாயும் சிறுத்துக்கொண்டே போகும். இனி ஒரு வருடமோ இரண்டு வருடமோ. அவருடைய தாய்மாமனுக்கும் அப்படித்தான் போனது. உப்பளத்து வெயில் கண்ணைத் தின்றுவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். அது பரம்பரை என்று டாக்டர் சொல்லித்தான் இவருக்கே தெரியும். லாரியை விற்றதும் அதனால்தான்.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா அன்னிக்கே குருடனாயிடுவேன்னு தோணிச்சு."

அந்த அம்மா இறங்கி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.  கொட்டகையில் நிறுத்திவிட்டு, "உங்களுக்கு நான் இத குடுக்க மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. யாராச்சும் செத்துட்டா?" என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். "நீங்க சொல்றது ஞாயந்தாம்மா." சொல்லிவிட்டு, கார்க் கதவின் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

அந்த அம்மாவின் கையைப் பார்த்தேன். நரம்பு புடைத்த, தோல் சுருங்கிய கை. அந்தக் கையால்தான் இவ்வளவு நேரம் அந்த வண்டியை ஓட்டி வந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாமல் சொன்னேன்.

"எனக்குக் குடுங்கம்மா. என் பேர்ல எழுதிக் குடுங்க. நான் கத்துக்கிறேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அதுவரை சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அந்த அம்மா வெகு நேரம் யோசித்தார். கடைசியில் என் கையைப் பிடித்து ஒன்று மட்டும் கேட்டார். "அவர ரோட்டுல ஓட்ட விடக் கூடாது. சரியா?" சரி என்றேன். லாரி விற்ற பணத்தில் கார் என் பெயருக்கு மாறியது.

அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை.

முதலில் உப்பளத்துக்குப் போகும் மண் பாதையில் மட்டும்தான் ஓட்டினார். அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது, எதிரே இருப்பது சேறு ஏறிய பாத்திகள் மட்டும்தான். ஆனால் அந்தக் காருக்கு வயிறு தாழ்வு. மேட்டில் இடித்து இடித்துச் சத்தம் வரும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும். "ஒரே ஒரு வாட்டி ஈ.சி.ஆர். மெயின் ரோட்டுல போயிட்டு வந்துடலாம்மா. பகல்லதான். நீ பக்கத்துல இரு" என்றார். போனோம். ஒரே ஒரு வாட்டி என்பது வாரா வாரம் ஆனது. அவருக்கு நேரே தெரியும். வலமும் இடமும் நான். "வலது பக்கம் மாடு." "இடது பக்கம் ஸ்கூட்டர் வருது, வருது, நின்னுட்டான்." "பஸ் ஸ்டாப், ஜனம் நிக்குது." காட்டில் வழி சொல்லுகிற மாதிரி சொல்லிக்கொண்டே வருவேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அதனால்தான் தடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஊரில் எங்களுக்குக் கிறுக்கு என்றே முடிவு கட்டிவிட்டார்கள். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று தினமும் நல்ல தண்ணீரில் காரைக் கழுவுவேன். குடிக்கத் தண்ணீர் எடுக்க வரிசையில் நிற்கிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை. இதற்கிடையில் நான் பாண்டிச்சேரியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஒரு சின்னக் காரில் பழகினேன். லைசென்ஸும் கைக்கு வந்தது. இருந்தும் எங்கள் காரை ரோட்டில் ஓட்ட மட்டும் பயம்.

லைசென்ஸ் வந்து மூன்றாவது வாரம். காலை பத்து மணி இருக்கும். பொம்மையார்பாளையம் பக்கம் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். இடது பக்கம், வீடுகளுக்கு நடுவே கடல் தெரிந்தது. அந்த டிசம்பருக்குப் பிறகு நான் கடலைப் பார்ப்பதைத் தவிர்த்து வந்தவள். என் பால்வாடியிலிருந்து இரண்டு குழந்தைகளைக் கொண்டுபோன கடல். அன்று எப்படியோ கண் அதில் போய்விட்டது. புதிதாகப் பெயின்ட் அடித்த படகுகள், சத்தமே இல்லாத தண்ணீர், அதன்மேல் வெயில். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

வலது பக்கத்திலிருந்து மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு அம்மா ரோட்டைக் கடந்திருக்கிறார். நான் சொல்லவில்லை. மொத்தென்று ஒரு சத்தம். காலிக்கூடை கண்ணாடியின்மேல் வந்து விழுந்தது.

இறங்கி ஓடினோம். அந்த அம்மா ரோட்டில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கார் நிதானமாகப் போனதால் உயிர் தப்பியது. என் கணவர் குனிந்ததும் அந்த அம்மா வலியில் கத்தினார்.

"டேய், கண்ணு தெரியலையாடா உனக்கு?"

"ஆமாம்மா" என்றார் என் கணவர். "தெரியல."

எகத்தாளம் பேசுகிறான் என்று கூடியிருந்த ஆட்களில் ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. அடி பக்கவாட்டிலிருந்து வந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. நான் நடுவில் புகுந்து, "நெஜமாவே தெரியாதுங்க அவருக்கு, விடுங்க" என்று கத்தினேன். பிடித்தவன் அவர் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்துவிட்டு விட்டான். அதுதான் அடியைவிட அவமானமாக இருந்தது.

அவர் சாவியை என் கையில் வைத்தார். "நீ ஓட்டு. சீக்கிரம்."

பின்சீட்டில் அந்த அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். நான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினேன். எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் தெரியாது. பின்னாலிருந்து அந்த அம்மாவின் முனகலும், "ஒண்ணும் இல்லம்மா, வந்துட்டோம்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததும்தான் ஞாபகம் இருக்கிறது.

போலீஸில் அவரே போய் நடந்ததைச் சொன்னார். லைசென்ஸைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மீன்கார அம்மாவின் கை கூடும்வரை அவரை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் கொண்டுவந்து விட்டதும் நான்தான், அந்தக் காரில்தான். கை கூடியது. ஆனால் கூடையைத் தலைக்குத் தூக்கும் பலம் வரவில்லை. அப்புறம் அவர் வீட்டு வாசலிலேயே கருவாடு போட்டு விற்றார். என்னை அவர் திட்டியதே இல்லை. திட்டியிருக்கலாம்.

கணவர் அதற்குப் பிறகு காரில் ஏறியது கண் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு மட்டும். நன்றாக ஓட்டுகிறாய் என்று ஒரு தடவை சொன்னார். அடுத்த மழைக்காலத்துக்குள் கதவின் அடியில் துரு ஏறிவிட்டது. ஒரு சாமான் உடைந்து, அது இங்கே எங்கும் கிடைக்காமல் கார் வாசலில் நின்றது. சென்னையிலிருந்து ஒருவர் வந்து அதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது நான். அப்போது அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் வித்தியாசம் தெரிந்தது. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், வெளியே வரவில்லை.

சில நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டின்போது திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கு நீ கடலப் பாத்துட்டிருந்த, இல்ல?"

 ஒன்றரை வருடமாக அந்தக் கேள்வி வருமென்று காத்திருந்தவள் நான்.

"ஆமாங்க."

அவர் விரலால் தட்டின் ஓரத்தைத் தடவினார்.

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அழுது முடித்துவிட்டு வந்து அவருக்கு மோர் ஊற்றினேன்.