தவறிட்டாரு

எங்க செந்தூல் ஃபிளாட்டுல அரசாங்க உதவி ஃபாரம்னாலே என்கிட்டதான் வருவாங்க. அடையாள கார்டைக் காட்டி கடையில அரிசி, எண்ணெய், முட்டை வாங்கிக்கிற உதவி அது. போன்ல நிரப்பணும். மலாய் ஸ்கூல்ல படிச்சதால மலாய் எனக்குத் தண்ணி பட்ட பாடு. தமிழ்தான் அப்போ வெறும் சமையக்கட்டுத் தமிழ். ஆனா வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல.

மூணாவது மாடிக்குப் புதுசா ஒரு அக்கா குடிவந்தாங்க. பங்சார்ல ஆபீஸ் கூட்டித் துடைக்கிற வேலை, ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. லிஃப்டுகிட்ட நின்னபடியே ஃபாரத்துக்கு விவரம் சொன்னாங்க. புருஷனைப் பத்திக் கேட்டேன். "லோரி ஓட்டினாரு. போன வருஷம் தவறிட்டாரு"ன்னாங்க.

தப்பு வழியில போயிட்டாருன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். எவளோடயோ ஓடியிருக்கான், வேறென்ன? "விடுங்கக்கா, ஆம்பளைங்க புத்தியே அப்படித்தான்"னு சொன்னேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. ஓடிப்போனாலும் புருஷன் புருஷன்தானேன்னு 'திருமணமானவர்' கட்டத்தைத் தட்டி, லோரியில அவருக்கு எவ்வளவு சம்பளம்னு கேட்டு, அக்கா சொன்ன தொகையையும் போட்டு அனுப்பிட்டேன்.

அடுத்த மாசம் பதில் வந்துச்சு. குடும்ப வருமானம் அதிகமாம், உதவி கிடையாதாம். அந்த வீட்டுல ராத்திரிக்குக் கஞ்சிதான்னு எனக்குத் தெரியும். ரத்தம் கொதிச்சுது. நேரா அவங்க வீட்டுக்கே போனேன்.

"அந்த ஆளு எங்க இருக்காரு, சொல்லுங்கக்கா. பெத்த பிள்ளைங்களுக்குச் சோறு போடத் துப்பில்லையா?"

அக்கா சுவரைக் காட்டினாங்க. மாலை போட்ட படம், முன்னால விளக்கு.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. நான் நினைச்சதையெல்லாம் உளறிக் கொட்டினேன். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. "அவருக்கு இன்னொருத்தியா? பொண்ணு பார்த்துட்டுப் போன பிறகு என்கிட்ட பேசவே ஆறு மாசம் ஆச்சு லா."

இறப்புச் சான்றிதழோட மறுபடி எழுதிப் போட்டோம். இந்தத் தடவை சரியான கட்டத்தைத் தட்டினேன், அக்காகிட்ட ரெண்டு தரம் கேட்டுட்டு. உதவி கிடைச்சுது.

முதல் தடவை கடைக்கு நானும் கூடவே போனேன். கார்டு வேலை செஞ்சுது. முட்டை ஒரு அட்டை, எண்ணெய், சார்டின் மீன் டின், பத்து கிலோ அரிசி. அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அரிசி மூட்டையை அவங்க தோள்ல ஏத்திவிட்டேன். ஒரு தள்ளாட்டம் தள்ளாடி நின்னாங்க.

"பழக்கமில்ல"ன்னாங்க. "அவரு இருந்தவரைக்கும் என்னை ஒரு மூட்டை தூக்க விட்டதில்ல."

அந்த மனுஷனைத்தான் நான் ஒரு மாசமா மனசுக்குள்ளயே கண்டபடி திட்டியிருந்தேன்.