மாட்டுக்குக் கஞ்சித் தண்ணீர்

கோர்ட்டுக்குப் போகிற சாலையில் சாப்பாட்டுக் கிளப்பு நடத்திவந்த அண்ணாச்சி போன மாதம் இறந்துபோனார். வாசகசாலையில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். களியக்காவிளையிலிருந்து வழக்குக்கு வந்து, தீர்ப்பில் தோற்று, அவருடைய புளிசேரி மோர்க்குழம்பில் ஆறுதல்பட்டுத் திரும்பியவர்கள் பலர் பேசினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். “நீ அடுத்த வீடுல்லா? அவருக்க தர்மகுணத்தப் பத்திச் சொல்லு” என்றார் தலைவர். நான் எழுந்து பத்து நிமிடம் அவருடைய மிளகு ரசத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தேன். தலைவரின் முகம் சுருங்கிவிட்டது. வாத்தியார் பயிற்சி முடித்த பெண்ணுக்கு வேறு விஷயமா கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பார்.

விஷயம் நிறைய இருந்தது. அதை ஒருமுறை பேசித்தான் கெடுத்தேன்.

எங்கள் கிணற்றடியில் நின்றால் குட்டைச் சுவருக்கு அப்பால் அவருடைய அடுக்களைக் கொல்லை முழுவதும் தெரியும். சம்பளத்துக்கு இரண்டு பேர் இருந்தாலும் சோறும் ரசமும் அவர் கைதான். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்ப்பார். பரிமாறும்போது ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார், இலையைத்தான் பார்ப்பார். யாராவது அவியலை ஒதுக்கியிருந்தால் உடனே உள்ளே போய் அந்த அவியலை ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, “நல்லாத்தானேவே இருக்கு, உமக்கு வயித்துல என்ன?” என்று கேட்பார்.

பதினோரு மணிக்குப் பெரிய வார்ப்பில் வெந்த சோற்றை மூங்கில் கூடையில் கொட்டி வடிப்பார்கள். வடிந்த கஞ்சித் தண்ணீர் ஓர் அண்டாவில் சேரும். அதை வாங்க அக்கம்பக்கத்தார் பானையோடு பின்வாசலுக்கு வருவார்கள். மாட்டுக்கு. எந்தக் கிளப்பிலும் உள்ள வழக்கம்தான், கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. அந்த வருடங்களில் கைத்தறித் துணி விலை போகவில்லை. நெசவுத் தெருவில் தறிச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. கொல்லையில் பானைகள் மட்டும் கூடிக்கொண்டே போயின.

எனக்கு அப்போது பதினாறு வயது. எதைப் பார்த்தாலும் திருத்தவேண்டும் என்று கை துறுதுறுக்கும். ஒருநாள் சுவர்மேல் சாய்ந்து பார்த்தபோது, கஞ்சியோடு சோறும் கொத்துக் கொத்தாக அண்டாவில் விழுவதைக் கண்டேன். கூடையில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

“அண்ணாச்சி, உங்க கூடை பீத்தல். சோறெல்லாம் போவுது!”

“அப்பிடியா மக்கா? பாப்பம்.”

ஒரு வாரம் ஆயிற்று. அவர் பார்க்கவில்லை. நானே வடசேரிச் சந்தையில் நெருக்கமாகப் பின்னிய புதுக்கூடை ஒன்று வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டித் தட்டிப் பார்த்து, “அருமையான கூடையாக்கும்” என்றார். மறுநாள் அதில் சின்ன வெங்காயம் கிடந்தது. சோறு பழைய கூடையில்தான் வடிந்துகொண்டிருந்தது.

அதன் பிறகுதான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். அண்டாவைத் தினமும் புளி போட்டு விளக்கினார்கள். கஞ்சிமேல் ஈ உட்காராமல் கழுவிய வாழையிலை போட்டு மூடினார்கள். அவரே ஒரு கை உப்பு அள்ளிப்போட்டுக் கலக்கி, அடியில் கிடப்பதைச் சிரட்டை அகப்பையால் மேலே கொண்டுவந்து பானைகளில் ஊற்றினார். தறிக்கார அக்கா ஒருத்தி வருவாள். நான்கு பிள்ளைகள். அவளுடைய பானைமேல் அண்ணாச்சி ஓர் இலைத்துண்டில் நார்த்தங்காய் ஊறுகாய் வைத்து, “மாட்டுக்கு வாய்க்கு ருசி இல்லேன்னியே, இத நக்கவிட்டுப் பாரு” என்றார். அவளும், “நேத்தும் தண்ணி காட்டினா திரும்பிக்கிட்டு அண்ணாச்சி” என்றாள். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அவள் வீட்டில் மாடு கிடையாது. தொழுவே கிடையாது.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற குதூகலத்தில் எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் திருச்சபையில் இளையோர் கூட்டம். ‘நம் தெருவில் ஒரு தர்மவான்’ என்று கட்டுரை எழுதி வாசித்தேன். பெயர் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டைக் கூடை, உப்பு, ஊறுகாய், இல்லாத மாடு எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி வரிசையில் தறிக்கார அக்காவின் மூத்த மகள் எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். வீட்டில் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பின்வாசலில் ஒருவரும் இல்லை. செவ்வாயும் இல்லை. அண்ணாச்சி இலையை நீக்குவார், எட்டிப் பார்ப்பார், மூடுவார். புதன்கிழமை சுவர் பக்கம் வந்தார். அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள்.

“ஏட்டி, கூட்டத்துல பேசினியா?”

“நல்லதுதானே அண்ணாச்சி சொன்னேன்.”

“நல்லது சொல்லணும்னா எனக்க ரசத்தச் சொல்லப்பிடாதா? அவ நாலு பிள்ளைகள வச்சிருக்கா. மூணு நாளா அதுக என்ன குடிச்சுதோ! நான் கொண்டுபோய்க் குடுத்தா வாங்குவாளா? கதவ அடைப்பா.” துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ஏதோ யோசித்தவர்போல எங்கள் தொழுவைப் பார்த்தார். “உங்க வீட்டுல மாடு நிக்குல்லா?”

“நிக்கு.”

“அப்ப நாளையிலருந்து பானையும் கொண்டு வா. சுவரு வழியா வாங்கப்பிடாது. ரோட்டுவழி சுத்தி, நாலு பேரு பாக்க, பின்வாசலுக்கு வரணும்.”

வாத்தியார் வீட்டுப் பெண், தலைப்பின்னலும் தாவணியுமாக, இடுப்பில் பானையோடு நெசவுத் தெரு முனையைச் சுற்றிப் போனேன். “சாருக்க மகளுக்கு என்ன கேடு?” என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது. “மாட்டுக்குக் கஞ்சித் தண்ணி” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். பின்வாசலில் தனியாக நின்றேன். எனக்கும் அடியிலிருந்து அள்ளித்தான் ஊற்றினார், ஊறுகாயும் வைத்தார். சோறு தின்ற எங்கள் பசுவுக்கு இரண்டாம் நாளே வயிறு ஊதிவிட்டது. “பசுவுக்குச் சோறு ஊட்டுத பிள்ளைய இப்பத்தான் பாக்கேன்” என்று அம்மா திட்டினாள். அதன்பிறகு சோற்றை வடித்துக் கோழிக்குப் போட்டேன்.

ஐந்தாம் நாள் ஒரு கிழவர் பானையோடு வந்து நின்றார். எட்டாம் நாள் தறிக்கார அக்கா வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அண்டாவைப் பார்த்தபடி நின்றாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றிருந்தது. கேட்டால் மறுபடியும் எல்லாம் வெளியே வந்துவிடும். நான் சொன்னேன்: “அக்கா, எங்க பசு இப்பம் பால் குறைச்சிட்டு.”

அவள் பானையை இறக்கி வைத்தாள்.

“பருத்திக்கொட்ட போடு பிள்ளே. எங்க மாடும் அப்பிடித்தான் நின்னுது.”

அண்ணாச்சி அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கினார். “ரெண்டு மாடும் ஒரே சாதிபோல” என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

பயிற்சிக்குப் போகும்வரை, ஒன்றரை வருடம், நான் பானை எடுத்தேன். மாடுகளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. அவள் மாட்டுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி உண்டு, இடது கொம்பு வளைவு.

இரங்கல் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது தறிக்கார அக்கா படியருகே நின்றிருந்தாள். இப்போது மகன்கள் மூவரும் தறியில் உட்காருகிறார்கள். துணியும் விற்கிறது.

“ரசத்தோட நிறுத்திட்டியே” என்றாள்.

“வேற என்ன அக்கா சொல்ல?”

“எழுதத் தெரியும்லா. எழுது. அவரு செஞ்சது ஒருத்தருக்கும் தெரியாமப் போவணுமா?” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சித்திரையில மாடு வாங்கினோம் பிள்ளே. நெசமாட்டே. நெத்தியில சுட்டியில்ல. மத்தபடி மாடுதான்.”